ஆறடி மேசையும் இரண்டு நாள் கடையும்: காமிக் கானில் கைவினைப் பொருள் விற்க வருவோருக்கு

ரசிகர் மாநாடு என்றதும் நம் ஊரில் நடிகர் மன்றத்துக் கொடியும் தோரணமும்தான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது காமிக்ஸ், அனிமே என்னும் ஜப்பானிய அசைபடம், வீடியோ கேம், கற்பனைக் கதைகள் ஆகியவற்றின் ரசிகர்கள் வேடமிட்டும் வேடிக்கை பார்த்தும் கூடுகிற காமிக் கான் வகை விழாக்களைப் பற்றி. இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு டெல்லியின் தில்லி ஹாட்டில் தொடங்கிய காமிக் கான், மும்பை, பெங்களூரு, ஐதராபாத் என்று சுற்றிவிட்டு 2024 பிப்ரவரியில்தான் முதன்முதலாகச் சென்னைக்கு வந்து, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. இத்தகைய விழாக்களில் பெரிய நிறுவனங்களின் அரங்குகளுக்கு அப்பால் ஓவியர்களுக்கும் கைவினைக் கலைஞர்களுக்கும் வரிசையாக மேசைகள் போட்டுத் தரப்படும் பகுதியை ஆர்ட்டிஸ்ட் ஆலி என்பார்கள். அங்கே முதல்முறை மேசை எடுக்கப்போகிறவருக்காக, பல விழாக்களில் அமர்ந்து கற்றவற்றை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வாடிக்கையாளர் நின்றுகொண்டிருப்பவர் அல்லர், நடந்துகொண்டிருப்பவர். ஒரு கையில் நுழைவுச் சீட்டுடன் கிடைத்த பை, மறு கையில் அலைபேசி, பின்னால் கூட்டத்தின் நெருக்கம், பக்கத்தில் “சீக்கிரம் வா” என்று இழுக்கும் நண்பர் என்ற நிலையில்தான் அவர் உங்கள் மேசையைக் கடக்கிறார். எதைச் செய்வது, என்ன விலை வைப்பது, எங்கே தொங்கவிடுவது என்ற ஒவ்வொரு முடிவையும் அந்த மனிதரின் நிலையிலிருந்து யோசித்தால் பாதி வேலை முடிந்தது.

விண்ணப்பத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேசைகள் பல மாதங்களுக்கு முன்பே ஒதுக்கப்பட்டுவிடும் என்பதால் அமைப்பாளர்களின் அறிவிப்பைத் தொடர்ந்து கவனித்திருந்து, தெளிவான வெளிச்சத்தில் எடுத்த எட்டுப் பத்துப் படங்களுடன் விண்ணப்பிக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் விதிமுறைகளை முழுவதும் படியுங்கள். மேசை வாடகையில் நாற்காலி எத்தனை, அனுமதிச் சீட்டு எத்தனை, மின் இணைப்பு உண்டா, வராமல் போனால் பணம் திரும்புமா, இருவர் ஒரு மேசையைப் பகிரலாமா என்பவை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மொத்த விலையில் வாங்கிய பொருளை மறுவிற்பனை செய்வதையும், செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களை விற்பதையும் பல விழாக்கள் தடை செய்கின்றன. கையால் செய்கிறவர்களுக்கு இவை இரண்டும் பாதுகாப்பே.

எதைச் செய்து எடுத்துச் செல்வது

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு மிகவும் பிடித்த, மிகுந்த உழைப்பைக் கேட்ட பெரிய படைப்பை நடுவில் வைத்துவிட்டு, அது விற்காததைக் கண்டு மனம் உடைகிறார்கள். பெரிய படைப்பு வேண்டும்தான். ஆனால் அதன் வேலை விற்பதைவிட ஆளை நிறுத்துவதே. நின்றவர் வாங்கிச் செல்வது பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் பொருளைத்தான். ஆகவே விலையில் படிகள் இருக்க வேண்டும். பள்ளி மாணவர் தன் கைச்செலவுக் காசில் வாங்கத்தக்க 50 ரூபாய் ஸ்டிக்கர், 100 முதல் 200 ரூபாய்க்குள் பேட்ஜும் கீசெயினும், 250 முதல் 400 ரூபாய்க்குள் அச்சுப் படங்கள், அதற்கு மேல் குரோஷே (கொக்கி ஊசியால் நூலில் பின்னும்) பொம்மை, கையால் வரைந்த மூலப் படம் என்று வைத்துக்கொண்டால், எந்தப் பையுடன் வந்தவரும் ஏதோ ஒரு படியில் கால் வைக்க முடியும்.

வகைகளைக் குறைத்துக்கொள்வது நல்லது. பதினைந்து வகைப் பொருளில் மூன்று மூன்று வைத்திருப்பவரைவிட, ஐந்து வகையில் இருபது வைத்திருப்பவரின் மேசை தூரத்திலிருந்தே இன்ன கடை என்று தெரிகிறது.

அச்சுப் படம் போடுகிறவர்கள் ஒரு பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்காமல் இருக்கலாம். திரையில் நிறம் ஒளியால் உண்டாகிறது. தாளில் மையால் உண்டாகிறது. திரையில் மின்னுகிற ஊதா, கிளிப்பச்சை, நியான் இளஞ்சிவப்பு போன்றவற்றை நான்கு மைகளின் கலவையால் அப்படியே கொண்டுவர முடியாது. என் முதல் விழாவுக்கு நிலவொளியில் நிற்கும் ஒரு பெண்ணை ஆழ்ந்த ஊதாப் பின்னணியில் வரைந்து, ஓர் அச்சகத்தில் நேராக நூறு படி அச்சிடக் கொடுத்தேன். வந்தவை எல்லாம் அலசிப்போன நீலத்தில் இருந்தன. குற்றம் அச்சகத்தினுடையது அன்று. கோப்பைத் திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் கொடுத்தது நான். அச்சின் நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றி, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில், வெட்டுவதற்குச் சுற்றிலும் படத்தையே 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி, முதலில் ஒரே ஒரு படியை மாதிரிக்காக (ப்ரூஃப்) எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்னரே மீதியை அச்சிடச் சொல்ல வேண்டும்.

தாளைப் பொறுத்தவரை 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) ஆர்ட் கார்டு பிடிமானமாக இருக்கும். ஏ5, ஏ4 அளவுகள் பைக்குள் போகும். ஏ3 வைத்தால் சுருட்டிக் கொடுக்க அட்டைக் குழாயும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் “இதை எப்படித் தூக்கிக்கொண்டு சுற்றுவது” என்று திரும்ப வைத்துவிடுவார்கள். ஸ்டிக்கர் என்றால் லேமினேட் செய்த வினைல் என்ற பிளாஸ்டிக் தாள்தான் சரி. தண்ணீர் பாட்டிலில் ஒட்டப்போகிறார்கள் என்பது தெரிந்தே இருக்கையில், காகித ஸ்டிக்கரை விற்பது அடுத்த ஆண்டு வாடிக்கையாளரை இந்த ஆண்டே இழப்பதாகும். ஒரே படத்தை ஆயிரம் படிகளுக்கு மேல் போடுவதானால் சிவகாசி ஆஃப்செட் கட்டுப்படியாகும். ஐம்பது நூறு என்றால் உள்ளூர் டிஜிட்டல் அச்சே போதும். சென்னையில் இருப்பவர்கள் தாளுக்கும் அட்டைக்கும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அரை நாள் அலைந்து பார்த்தால் வீட்டருகே வாங்கும் விலையின் வேறுபாடு விளங்கும்.

ரெசின் (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தோடு கலந்து அச்சில் ஊற்றும் பிசின்) வேலை செய்கிறவர்கள் விழாவுக்கு முந்திய வாரத்தில் வார்ப்பதை அறவே தவிர்க்க வேண்டும். ரெசினும் ஹார்டனரும் எந்த விகிதத்தில் சேர வேண்டும் என்பதோடு, அந்த விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்பதும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். கண்ணளவில் ஊற்றினால் பிசுபிசுப்பு போகவே போகாது. அவசரத்தில் அப்படி வார்த்த நாற்பது கீசெயின்களை நான் உறையில் போட்டு எடுத்துச் சென்றேன். முதல் நாள் மதியம் ஒருவர் உறையைப் பிரித்தபோது பிளாஸ்டிக் உறை பொருளோடு ஒட்டி, தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். விகிதம் எடைக்கானால் சிறிய டிஜிட்டல் தராசில் எடை பார்த்தும், கொள்ளளவுக்கானால் அளவுக் குவளையில் அளந்தும் கலந்து, அச்சிலிருந்து எடுத்த பிறகும் மூன்று நாளாவது தூசியில்லாத இடத்தில் ஆறவிட்டு, அதன் பிறகே உறையிலிட வேண்டும். கையுறையும், ஆவி வடிகட்டும் முகக்கவசமும், திறந்த சன்னலும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

யாருடைய பாத்திரத்தை விற்கிறீர்கள்

ஆர்ட்டிஸ்ட் ஆலியில் விற்பவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே புகழ்பெற்ற பாத்திரங்களின் ரசிகர் ஓவியங்கள் என்பது ஊரறிந்த செய்தி. அதனாலேயே அது சட்டப்படி சரியாகிவிடாது. இந்தியக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957-இன்படி ஒரு படைப்பைத் தழுவிச் செய்து விற்கும் உரிமை அதன் உரிமையாளருக்கு உரியது. நீங்கள் உங்கள் கையால் வரைந்தீர்கள் என்பது அதை மாற்றாது. பெயர்களும் சின்னங்களும் தனியாக வணிகக்குறிகளாகப் பதிவாகியிருக்கும். ஜப்பானில் 1975 டிசம்பரில் 32 குழுக்களோடு தொடங்கிய, ரசிகர்கள் தாங்களே உருவாக்கிய காமிக்ஸை விற்கும் காமிக்கெட் சந்தை இன்று பெரும் திருவிழாவாக வளர்ந்திருப்பதற்கு, அங்குள்ள பதிப்பகங்கள் ரசிகர் படைப்புகளைப் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டதும் ஒரு காரணம். அந்தப் பொறுமை அவர்கள் காட்டும் சலுகையே தவிர, நாம் கேட்டுப் பெறும் உரிமையன்று. இன்றைக்கு விட்டவர் நாளைக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அமைப்பாளரும் உங்கள் பொருளை மேசையிலிருந்து எடுக்கச் சொல்லலாம்.

நம் ஊர்ப் பாத்திரம் என்று நினைத்து ஏமாறவும் இடமுண்டு. நடுவயதுக்காரர்கள் பார்த்ததும் முகம் மலரும் இரும்புக்கை மாயாவி, 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தவர். ஆனால் அவர் பிறந்த வீடு பிரிட்டன், உரிமையும் அங்கேதான். மாறாக, காப்புரிமைக் காலம் முடிந்தவற்றை யாரும் எடுத்தாளலாம். இந்தியாவில் அது படைப்பாளியின் ஆயுளும் அதன் பின் 60 ஆண்டுகளும் ஆகும். 1906-இல் மறைந்த ரவி வர்மாவின் ஓவியங்கள், 1921-இல் மறைந்த பாரதியாரின் வரிகள், குறள், சங்கப் பாடல்கள், ஐயனார் குதிரை, யாளி, தெருக்கூத்து வேடம் என்று கை வைக்கச் சுரங்கமே இருக்கிறது. அனிமே பாணியில் வரைந்த யாளி ஸ்டிக்கர் எனக்கு ஒவ்வொரு விழாவிலும் முதலில் தீர்ந்துபோகிறது. அது போன்றது பக்கத்து மேசையில் இருப்பதில்லை என்பதே காரணம். மேசையில் பாதிக்கு மேல் சொந்தக் கற்பனையாக இருக்கட்டும் என்பது என் கருத்து. ரசிகர் ஓவியத்தை வாங்கியவருக்குப் பாத்திரத்தின் பெயர்தான் நினைவிலிருக்கும். சொந்தப் பாத்திரத்தை வாங்கியவர் உங்கள் பெயரைக் கேட்டுவிட்டுப் போவார்.

விலை

கைவினைஞர்கள் தங்கள் நேரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூச்சப்படுகிறார்கள். ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கையகல குரோஷே ஆக்டோபஸ் ஒன்றுக்கு நூல் 70 ரூபாய், பஞ்சு 15, கண்கள் 10, அட்டையும் உறையும் 15 என்று பொருள் செலவு 110 ஆகிறது. பின்னுவதற்கு இரண்டரை மணி நேரம். மணிக்கு 120 ரூபாய் என்று மிகத் தாழ்வாகவே வைத்தாலும் 300. மேசை வாடகையின் பங்கைச் சேர்க்காமலே 410 ஆகிவிட்டது. இதை 350-க்கு விற்கிறவர் ஒவ்வொரு பொம்மையோடும் தன் காசையும் சேர்த்துப் பையில் போட்டுக் கொடுக்கிறார். அதே ஆக்டோபஸைக் கீசெயின் அளவில் பின்னினால் பொருள் 25 ரூபாய், உழைப்பு முக்கால் மணி நேரத்துக்கு 90, ஆக 115. தாராளமாக 200-க்கு விற்கும். பெரிய பொம்மை இரண்டை மட்டும் காட்சிக்கு வைத்துவிட்டு, சிறியவற்றை ஐம்பது பின்னுவதே எனக்குக் கட்டுப்படியானது.

அடுத்து, மொத்தக் கணக்கு. மேசைக்கு 12,000, அச்சுக்கும் மூலப்பொருளுக்கும் 11,000, போக்குவரத்து, சாப்பாடு, தட்டுமுட்டுச் சாமான் 3,000 என்று வைத்தால் 26,000 ரூபாய். சராசரியாக ஒருவர் 260 ரூபாய்க்கு வாங்குவதானால், போட்ட பணம் திரும்பவே நூறு பேர் வாங்க வேண்டும். நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்று இரண்டு நாளில் 18 மணி நேரம். அதாவது பதினோரு நிமிடத்துக்கு ஒரு விற்பனை இடைவிடாமல் நடக்க வேண்டும். இந்த எண்ணை உங்கள் செலவுக்கேற்ப முன்கூட்டியே போட்டுப் பார்த்து, மலைப்பாக இருந்தால் முதல் ஆண்டு ஒரு நண்பரோடு மேசையைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

வரி விஷயத்தில், பொருள் மட்டும் விற்கிறவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை தமிழ்நாட்டுக்குள் விற்க ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ மூட்டை கட்டும்போது கதை வேறு. வேறு மாநிலத்துக் கண்காட்சியில் தற்காலிகமாக விற்பவருக்கென்று தனிப் பதிவு முறை உண்டு. விற்பனை தொடங்குவதற்கு ஐந்து நாளாவது முன்பு அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு விலக்கும் இருக்கிறது. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் அடங்குமா என்பதை மேசைக்குப் பணம் கட்டும் முன்பே ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மேசையை நிமிர்த்துங்கள்

பொதுவாகக் கிடைப்பது ஆறடிக்கு இரண்டடி மேசை. பொருட்களை அதன்மேல் தட்டையாகப் பரப்பினால், முன்னால் இருவர் நின்றதுமே மூன்றாமவருக்கு எதுவும் தெரியாது. கூட்டத்தில் கண்ணுக்குப் படுவது மேசைக்கு மேலே இரண்டடி உயரத்திலிருந்துதான். கம்பி வலைத் தட்டிகள் இரண்டை எல் வடிவில் கேபிள் டையால் கட்டி நிறுத்தி, பைண்டர் கிளிப்பால் படங்களையும் எஸ் கொக்கியால் கீசெயின்களையும் தொங்கவிடுங்கள். அடியில் கனமான எதையாவது வைத்துக் கட்ட வேண்டும். ஏசிக் காற்றுக்கு ஆடாத தட்டி, முதுகுப் பை பட்டால் சாய்ந்துவிடும். ஒவ்வொரு பொருளிலும் விலை தெரிய வேண்டும். விலை கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுபவர்கள், கேட்டு வாங்குபவர்களைவிட அதிகம். உங்கள் பெயரும் இன்ஸ்டாகிராம் முகவரியும் இடுப்பு உயரத்தில் துணியில் அச்சிட்டுத் தொங்குவதைவிடத் தலைக்கு மேலே சிறிய அட்டையில் இருப்பது மேல்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு வீட்டுத் தரையில் சாக்பீஸால் ஆறடிக்கு இரண்டடி கோடு போட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை அடுக்கி, பத்தடி தள்ளி நின்று அலைபேசியில் படம் எடுங்கள். அந்தப் படத்தில் தெரியாதது அங்கேயும் தெரியாது. அதே படத்தைப் பார்த்து விழா நாள் காலையில் அரை மணி நேரத்தில் அடுக்கிவிடலாம். பெரிய வெள்ளைத் துணி ஒன்றும் கொண்டுபோங்கள். இரவில் மேசையை மூடுவதற்கு அதுவே கதவு. விலை உயர்ந்தவற்றை மட்டும் கையோடு எடுத்து வந்துவிட வேண்டும்.

அந்த இரண்டு நாட்கள்

காலையில் போணி ஆகும்வரை எந்த வியாபாரிக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் சுற்றிப் பார்க்கிறவர்களே வருவார்கள். வாங்குகிறவர்கள் மதியத்துக்கு மேல் திரும்பி வருவார்கள். “அக்கா, இன்னொரு சுத்து சுத்திட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களில் கணிசமானோர் உண்மையாகவே வருகிறார்கள். ஒருமுறை பத்து வயதிருக்கும் சிறுமி ஒருத்தி யாளி ஸ்டிக்கரை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக மூன்று தடவை வந்தாள். மூன்றாம் தடவை அவளுடைய அப்பா, “இது என்ன மிருகம்மா?” என்று என்னைக் கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, “கோயில் தூண்ல இருக்குமேப்பா, அதுதான்” என்றாள். அப்பா இரண்டு வாங்கினார். ஆள் வந்ததும் பேசித் தள்ளாமல், ஒரு புன்னகையோடு விட்டுவிட்டு, பொருளைக் கையில் எடுத்த பிறகு அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். எப்படிச் செய்தது, எதனால் செய்தது என்ற அளவுக்குப் போதும்.

சும்மா உட்கார்ந்து அலைபேசியைப் பார்ப்பது விற்பனையைக் கெடுக்கும். அங்கேயே எதையாவது பின்னிக்கொண்டோ வரைந்துகொண்டோ இருங்கள். கை வேலை நடக்கிற இடத்தில் மனிதர்கள் தாமாகவே நிற்பார்கள்.

பணம் வாங்குவதில் யுபிஐ-யை மட்டும் நம்ப வேண்டாம். அரங்கத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அலைபேசியைப் பிடித்திருக்கும்போது இணையம் திணறும். இரண்டு வெவ்வேறு வங்கிக் கணக்குகளின் கியூஆர் அட்டைகளையும், பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஓர் இரண்டாயிரம் ரூபாய்ச் சில்லறையையும் வைத்துக்கொள்ளுங்கள். பணம் போனதாக வாங்குபவரின் திரையில் காட்டுவதைப் பார்த்து நம்பிவிடாமல், உங்கள் அலைபேசியில் வந்து சேர்ந்ததா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். இதைச் சிரித்த முகத்தோடு செய்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. விலைகளை ஐம்பதின் மடங்காக வைத்தால் சில்லறைத் தொல்லை பெரிதும் குறையும்.

பேரம் பேசுகிறவர்கள் வருவார்கள். ஒருவருக்குக் குறைத்தால் பக்கத்தில் நிற்பவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதை மறக்க வேண்டாம். விலையைக் குறைப்பதைவிட “மூன்று எடுத்தால் ஒன்று குறைந்த விலையில்” என்று முன்பே எழுதி வைத்துவிட்டால், பேரத்துக்கான ஆசையும் தீரும், பில் தொகையும் கூடும். இரண்டாம் நாள் மாலையில் பாதி விலைக்குத் தள்ளிவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. முதல் நாளே முழு விலை கொடுத்தவர் அதே அரங்கில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார். கெட்டுப்போக இது காய்கறியும் அன்று.

வேண்டுகிற வடிவில் செய்து தரச் சொல்லிக் கேட்பவர்களிடம் அங்கேயே வாக்குக் கொடுக்காமல், பெயர், எண், என்ன வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வாங்கி, பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகே தொடங்குவதாகச் சொல்லுங்கள். உற்சாகத்தில் கேட்பவர்களில் பாதிப் பேர் மறுநாள் பதில் போடமாட்டார்கள்.

மேசையில் இருவர் இருப்பது அவசியம். கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் மாறி மாறிப் போகத்தான் இது. தனியாக வந்தவர் பக்கத்து மேசைக்காரரிடம் முதல் மணி நேரத்திலேயே பழகிவிட வேண்டும். உள்ளே உணவு விலை கூடுதலாக இருக்கும், வரிசையும் நீளும். விதிகள் அனுமதித்தால் தயிர் சாதமோ இட்லியோ கட்டிக்கொண்டு போவது நல்லது. எண்ணெய்க் கையோடு அச்சுப் படத்தைத் தொட நேராதபடி ஈரத் துடைப்பானும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் இரவு எவ்வளவு அசதியாக இருந்தாலும் மூட்டையை அப்படியே மூலையில் போட்டுவிட்டுத் தூங்கக்கூடாது. எது எத்தனை கொண்டுபோனது, எத்தனை மீந்தது, எந்த நேரத்தில் எது தீர்ந்தது, இல்லாத எதை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை அன்றே எழுதிவிடுங்கள். எனக்கு முதல் ஆண்டுக் குறிப்பேட்டில் “நீலத்தில் இருக்கா” என்ற கேள்விக்கு நேரே பதினேழு கோடுகள் இருந்தன. அடுத்த விழாவுக்கு நூல் வாங்கப் போனபோது நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.